பின்வரிசையின் மூச்சு

பேண்டு வாத்தியக் குழுவில் மிகப் பெரிய கருவியைச் சுமப்பவருக்குத்தான் மிகக் குறைந்த கவனம் கிடைக்கிறது. டியூபா என்ற அந்தப் பித்தளைக் கருவியின் பெரிய ரகத்தை நீட்டி வைத்தால் குழாய் 18 அடி வரும். அவ்வளவு நீளத்துக்கும் மூச்சு கொடுத்து அவர் செய்வதெல்லாம் கீழ் ஸ்தாயியில் 'பூம், பூம்' என்று அஸ்திவாரம் போடுவது. வீட்டை வியப்பவர்கள் உண்டு. அஸ்திவாரத்தை யார் நின்று பார்க்கிறார்கள்?

1835ல் பெர்லினில் டியூபாவுக்குக் காப்புரிமை பெறப்பட்டது. ராணுவ பேண்டிலும் ஆர்கெஸ்ட்ராவின் கடைசி வரிசையிலுமாக அதற்கு நூறு வருடத்துக்கு மேல் கழிந்தது. 1954ல்தான் 81 வயது ஆங்கில இசையமைப்பாளர் வான் வில்லியம்ஸ், டியூபாவை முன்னால் நிறுத்தி ஒரு கன்சர்ட்டோ எழுதினார். கிழவரின் வேடிக்கை என்று நினைத்தவர்கள் இருந்தார்கள்.

அதே 1954ல் அமெரிக்காவில் ஹார்வி பிலிப்ஸ் நியூயார்க் பிராஸ் குவின்டெட் என்ற ஐவர் குழுவைத் தொடங்கியவர்களில் ஒருவரானார். சர்க்கஸ் பேண்டில் டியூபா ஊதிப் பிழைத்தவர் அவர். ஐவர் குழுவில் நடத்துனர் கிடையாது. ஒவ்வொரு குரலுக்கும் ஒருவர்தான். சுருதி பிசகினால் பக்கத்து ஆளின் சத்தத்தில் ஒளிந்துகொள்ள முடியாது. தனியாக வாசிக்கப் பாட்டே இல்லையே என்று பிலிப்ஸ் உட்கார்ந்துவிடவில்லை. இசையமைப்பாளர்களை விடாமல் துரத்தி டியூபாவுக்கென்று எழுத வைத்தார். 2010ல் அவர் இறந்தபோது டியூபாவுக்கு ஒரு இலக்கியமே சேர்ந்திருந்தது. 1966ல் பிறந்த நார்வேக்காரர் ஓய்ஸ்டைன் போட்ஸ்விக், எந்த ஆர்கெஸ்ட்ராவிலும் சம்பளத்துக்குச் சேராமல் டியூபா தனிக் கலைஞராகவே வாழ முடிந்தது இந்த அஸ்திவாரத்தின் மேல்தான்.

நம் பக்கத்தில் இதற்கு நிகரான கதை சாக்ஸபோனுடையது. அதுவும் ராணுவ பேண்டு வழியாக நம்மிடம் வந்த கருவிதான். தென் கன்னட மாவட்டத்தில் 1949ல் பிறந்த கத்ரி கோபால்நாத்தின் தந்தை நாதஸ்வர வித்வான். மைசூர் அரண்மனை பேண்டில் சாக்ஸபோனைக் கேட்ட பையனுக்கு அதன் மேல் பித்துப் பிடித்தது. மங்களூரில் கோபாலகிருஷ்ண ஐயரிடம் பயின்றார். பிறகு சென்னையில் டி.வி. கோபாலகிருஷ்ணனிடம் வந்து சேர்ந்தார். டி.வி.ஜி. யாருடைய சீடர்? பாலக்காட்டு மண் தந்த செம்பை வைத்தியநாத பாகவதருடைய சீடர். ஆக, அந்த வெளிநாட்டுக் குழலுக்குள் போன மூச்சில் கொஞ்சம் பாலக்காட்டுக் காற்றும் உண்டு.

சிக்கல் கருவியில் இருந்தது. நாதஸ்வரத்தில் துளையை விரல் நேராகத் தொடுகிறது. பாதி மூடலாம், கால் மூடலாம், வழுக்கிப் போகலாம். சாக்ஸபோனில் விரலுக்கும் துளைக்கும் நடுவே சாவியும் மூடியும் நிற்கின்றன. திறந்தால் ஒரு ஸ்வரம், மூடினால் இன்னொன்று. இடையில் உள்ள கமகத்தை உதட்டாலும் மூச்சாலும்தான் வரவழைக்க வேண்டும். கோபால்நாத் அதை வருடக்கணக்கில் பழகினார். கருவியிலும் தனக்கேற்ற மாற்றங்கள் செய்துகொண்டார்.

1980ல் பம்பாய் ஜாஸ் விழாவில் அவர் வாசித்ததைக் கேட்டு, அமெரிக்க சாக்ஸபோன் கலைஞர் ஜான் ஹேண்டி அதே மேடையில் சேர்ந்து வாசித்தார். 1994ல் லண்டன் ராயல் ஆல்பர்ட் ஹாலில் பி.பி.சி. பிராம்ஸ் விழா. அதே வருடம் கே. பாலசந்தரின் 'டூயட்'. ஏ.ஆர். ரஹ்மான் இசையில் கோபால்நாத்தின் மூச்சு டீக்கடை வரை போய்ச் சேர்ந்தது. 2004ல் பத்மஸ்ரீ. 2019 அக்டோபரில் மறைந்தார்.

பிலிப்ஸுக்கு இல்லாத ஒரு வசதி இவருக்கு இருந்தது. டியூபாவுக்குப் புதிதாக எழுத வேண்டியிருந்தது. இங்கே தியாகராஜரும் தீட்சிதரும் கருவி பார்த்துப் பாட்டு எழுதவில்லை. பாடத் தெரிந்த எந்தக் குழலும் உள்ளே வரலாம்.

ஆனால் வாசலில் யார் நிற்கிறார்கள் என்பதையும் பார்க்க வேண்டும். கர்நாடகக் கடற்கரையில் கல்யாணங்களிலும் கோயில் விழாக்களிலும் நாதஸ்வரம் இருந்த இடத்தில் இன்று சாக்ஸபோன் ஒலிப்பது சகஜம். நாதஸ்வரக் குடும்பத்துப் பிள்ளை ஒருவர் சபா மேடையில் ஏற சாக்ஸபோன் தேவைப்பட்டதா என்று கேட்கத் தோன்றுகிறது. ராஜரத்தினம் பிள்ளை போன்ற மேதைகள் கௌரவத்துக்காகப் போராடிய பிறகும், நாதஸ்வரம் சபாக்களில் பெரும்பாலும் விழாவைத் தொடங்கி வைக்கும் மங்கல வாத்தியமாகவே நிற்கிறது. இதில் குறை கருவியின் மேல் இல்லை. அதை ஊதுகிறவரின் சாதியைப் பார்த்து நாம் ஒதுக்கிய இருக்கை அது.

பெருமாட்டி போன்ற பாலக்காட்டு எல்லை ஊர்களில் தமிழும் மலையாளமும் ஒரே திண்ணையில் உட்காரும். இந்தப் பக்கத்துப் பஞ்சவாத்தியத்தில் கொம்புக்காரர்கள் மத்தளக்காரர்களுக்குப் பின்னால்தான் நிற்கிறார்கள். கொம்பில் துளை கிடையாது. உதட்டால் கிடைக்கும் சில ஸ்வரங்களை வைத்துக்கொண்டு தாளத்தைத்தான் ஊத வேண்டும். ஆனாலும் பெரிய பூரங்களில் திமிலை, மத்தளம் போலக் கொம்புக்கும் ஒரு பிரமாணி உண்டு. அவர் பெயரை நோட்டீசில் போடுகிறார்கள். ரசிகர்களும் அதைச் சொல்லிப் பேசுகிறார்கள். கொம்பு பின்வரிசையை விட்டு வரவில்லை, மரியாதைதான் அங்கே போய்ச் சேர்ந்திருக்கிறது.

எல்லோரும் கோபால்நாத் ஆக முடியாது, ஆக வேண்டியதும் இல்லை. பத்து டியூபாக்காரர்களில் ஒன்பது பேர் கடைசி வரை 'பூம், பூம்' தான் ஊதுவார்கள். அவர்கள் நிறுத்தினால் ஊர்வலம் காலை எங்கே வைப்பது என்று தெரியாமல் தடுமாறும். நம் கல்யாணப் பத்திரிகைகளில் மாமன், மச்சான், பெரியப்பா பெயரெல்லாம் பட்டத்தோடு வருகிறது. வாத்தியம் மட்டும் 'பேண்டு செட்' என்று ஒற்றை வரி. ஊதுகிறவரின் பெயரையும் பக்கத்தில் சேர்த்தால் அச்சுக்கூலி ஏறிவிடாது.