சாமானை மாற்றும் முன் பிழையைத் தேடுவோம்

அக்குறணையிலிருந்து கண்டிக்குச் சரக்கு ஏற்றும் எனக்கு, அன்றைய இலாப நட்டத்தை வேன் சாவியே தீர்மானித்த காலமொன்று இருந்தது. மூன்று நாள் ஒழுங்காக ஸ்டார்ட் ஆகும். நான்காம் நாள் சுபஹு தொழுதுவிட்டு வந்து சாவியைத் திருகினால் "டக்" என்றொரு சத்தம் மட்டும் கேட்கும். பத்து நிமிடம் கழித்துத் திருகினால் ஒன்றும் நடவாதது போல் ஓடும்.

முதல் கராஜில் பெட்டரியை மாற்றினேன். இரண்டாவதில் ஸ்டார்ட்டர் மோட்டாரை மாற்றினேன். பணம் போனது, பிழை போகவில்லை. கராஜுக்குப் போனால் மட்டும் வேன் நல்ல பிள்ளையாகிவிடும். அவர்கள் ஊகித்தார்கள், நானும் அவசரப்படுத்தினேன்.

கட்டுகஸ்தோட்டையில் ஒரு வயதான பாஸ் எதையும் கழற்றாமல் முதலில் கேள்வி கேட்டார். காலையிலா, ஓடிச் சூடான பிறகா? மழை நாளிலா? மோட்டார் சுற்றுகிறதா, இல்லையா? சுற்றியும் எஞ்சின் பிடிக்காவிட்டால் எரிபொருளையும் தீப்பொறியையும் பார்க்க வேண்டும். சுற்றவே இல்லையென்றால் மின்சாரம் போகும் வழியைப் பார்க்க வேண்டும் என்றார். வேனை இரண்டு நாள் தன்னிடமே விடச் சொன்னார்.

நின்ற நிலையில் பெட்டரி 12.6 வோல்ட், எஞ்சின் ஓடும்போது 14. இரண்டும் சரி. மறுநாள் காலை வேன் அடம்பிடித்த அந்த நேரத்தில், மீட்டரின் ஒரு முனையைப் பெட்டரியின் மைனஸிலும் மறுமுனையை எஞ்சினிலும் வைத்துச் சாவியைத் திருகினார். அரை வோல்ட்டுக்கு மேல் காட்டக் கூடாத இடத்தில் ஏறத்தாழ 3 வோல்ட் காட்டியது. எர்த் வயரின் முனை துருப்பிடித்திருந்தது. ஸ்டார்ட்டர் 150 அம்பியர் இழுக்கும்போது 0.02 ஓம் தடை இருந்தாலே 3 வோல்ட் வீணாகிவிடும். லைட்டுக்குச் சில அம்பியரே போதும். அது பளிச்சென எரிந்து நம்மை ஏமாற்றும். அதிர்விலும் ஈரத்திலும் தொடுகை மாறுவதால்தான் ஒருநாள் ஓடும், ஒருநாள் ஓடாது. முனையைச் சுரண்டி இறுக்கியதோடு வேலை முடிந்தது.

2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி, தனியார் பாவனைக்கு 2025 பெப்ரவரியில்தான் மீண்டும் திறக்கப்பட்டது. புது வாகனத்தின் விலையைக் கேட்டவர்கள் பழையதையே பேணுகிறார்கள். ஆகவே பிழை கண்டுபிடிக்கும் கைதான் இன்று நமக்குப் பெரிய சொத்து.

ஆனால் நாம் செய்வதென்ன? சாமானுக்குக் கேட்ட விலையைக் கொடுக்கிறோம். "பார்த்துச் சொன்னதற்கு" என்று பாஸ் கூலி கேட்டால் மட்டும் முகம் சுளிக்கிறோம். சாமான் விற்றால்தான் வருமானம் என்ற நிலைக்கு அவரைத் தள்ளியதில் நமக்கும் பங்குண்டு. அவரது வார்த்தை அமானிதம் என்றால், அதற்குரிய கூலியும் அவரது ஹக்கே.

அடுத்த முறை வேன் நின்றால் நாள், நேரம், சத்தம் மூன்றையும் கொப்பியில் குறியுங்கள். அளந்து காட்டும் பாஸைத் தேடி, அளந்ததற்கும் கூலி கொடுங்கள். என் பழைய ஸ்டார்ட்டர் இன்னும் கடைக்குள் ஒரு மூலையில் கிடக்கிறது. அதில் எந்தப் பிழையும் இருக்கவில்லை.