விடிந்தபின் வந்த அச்சம்

நம் தென்மராட்சியிலே குன்றென்று ஒன்றுமில்லை, பனையே உயரம். அவ்வாறிருக்க, மாடிப்படியிலும் சுவரோரமாகவே நடக்கும் என் மகளை 7,359 அடி உயரமுள்ள சிவனொளிபாதமலைக்கு அழைத்துச் சென்றேன். இரவிலே, விளக்கொளியில் முன்னே தெரிந்த படியை மட்டும் நோக்கி அவள் ஏறிவிட்டாள். விடிந்தபின்தான் வினை வந்தது. பள்ளத்தாக்கைக் கண்டதும், "அப்பா, என்னால் இறங்க ஏலாது" என்று படியிலே குந்திவிட்டாள்.

இது கோழைத்தனமன்று, அன்பர்களே. அருகிலுள்ள பொருள்களைப் பார்த்தே கண் நம் உடலை நிலைநிறுத்த உதவுகிறது. பார்வை வெகுதொலைவிற் சென்றால் அவ்வுதவி குறைந்து, உடல் சற்றே ஆடுகிறது. மனமோ விழுகிறோமென்று மிரள்கிறது. அஞ்சிய இடத்தைவிட்டு ஓடினால் அச்சம் வலுக்கும். தங்கியிருந்தால் தணியும் என்பர் உளமருத்துவர்.

கைப்பிடிக் கம்பியைப் பற்றச் செய்து, அவ்விடத்திலேயே அரைமணி நேரம் இருந்தோம். பனையேறுவோர் திறத்தைச் சொல்லித் தேற்ற முயன்றேன், அவள் கேட்கவில்லை. பின்பு தானாகவே எழுந்து, அடுத்த படியைப் பார்த்துக் கால் வைத்தாள். பத்துப் படிக்கொருமுறை நின்று, நண்பகலுக்குப் பின்பே நல்லதண்ணியை அடைந்தோம்.

அடுத்த விடுமுறைக்குச் சீகிரியா என்கிறாள். பாறையோடு ஒட்டிய அந்த இரும்புப் படிகளிலே பகலில்தான் ஏறவேண்டும். அதையும் சொல்லிவிட்டேன்.