கைக்கு எட்டியது, காதுக்கு எட்டவில்லை

வீட்டுக்குள் செல்லிடப்பேசி சிக்னல் கிடைக்காமல் அவதிப்படும் ஒருவர், 'பூஸ்டர்' எனப்படும் கருவியை வாங்கி மொட்டை மாடியில் பொருத்திக்கொண்டால் சட்டத்தை மீறியவர் ஆகிறார். கட்டணத்தை முன்கூட்டியே பெற்றுக்கொண்டு அந்த வீட்டுக்குள் சிக்னல் வழங்கத் தவறிய நிறுவனத்துக்கோ, பாதியில் அறுபடும் ஒவ்வோர் அழைப்புக்கும் இழப்பீடு தர வேண்டிய கட்டாயம் இல்லை. 1995 ஜூலையில் அன்றைய மேற்கு வங்க முதல்வர் ஜோதி பாசு கொல்கத்தாவிலிருந்து தில்லியில் இருந்த மத்திய அமைச்சர் சுக்ராமுடன் பேசி, நாட்டின் செல்லிடப்பேசி சேவையைத் தொடங்கி வைத்து முப்பது ஆண்டுகள் கடந்த பின்னரும் நிலைமை இதுதான்.

பூஸ்டர் மீதான தடை நியாயமற்றது என்று கூறிவிட முடியாது. தரம் குறைந்த கருவிகள் ஒரு வீட்டின் சிக்னலை மட்டும் பெருக்குவதில்லை. அவை எழுப்பும் இரைச்சல் கோபுரத்தைச் சென்றடைகிறது. அக்கம்பக்கத்தில் உள்ள நூற்றுக்கணக்கானோரின் அழைப்புகள் அதனால் பாதிக்கப்படுகின்றன. உரிமம் பெற்ற நிறுவனங்களைத் தவிர வேறு எவரும் இக்கருவியை வைத்திருப்பதோ விற்பதோ குற்றம் என்று தொலைத்தொடர்புத் துறை 2022-இல் மீண்டும் எச்சரித்தது. எச்சரித்தது சரி. ஆனால், உரிமம் பெற்ற நிறுவனமே வந்து முறையான கருவியைப் பொருத்தித் தர வேண்டும் என்று கேட்கும் உரிமை தனி வீட்டுக்காரருக்கு உண்டா? வணிக வளாகத்துக்கும் நட்சத்திர விடுதிக்கும் ஓடோடி வரும் நிறுவனங்கள், இரண்டு அறை வீட்டுக்கு வருவதில்லை.

இழப்பீட்டின் கதை இன்னும் சுவையானது. அறுபடும் ஒவ்வோர் அழைப்புக்கும் ஒரு ரூபாய் வீதம், நாளொன்றுக்கு அதிகபட்சம் மூன்று ரூபாய் வழங்க வேண்டும் என்று 2015 அக்டோபரில் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் ஆணையிட்டது. தில்லி உயர் நீதிமன்றம் அதை ஏற்றது. 2016 மே மாதம் உச்சநீதிமன்றம், அந்த ஆணை தன்னிச்சையானது, நியாயமற்றது, வெளிப்படையற்றது என்று கூறி ரத்து செய்தது. தவறு நிறுவனத்துடையதா, வாடிக்கையாளருடையதா என்று பாராமல் தண்டம் விதிப்பது எப்படி என்பது நீதிமன்றத்தின் கேள்வி. ஒழுங்குமுறை அமைப்புகள் மக்கள் கருத்தைக் கேட்டு வெளிப்படையாக விதிகளை வகுப்பதற்கென நாடாளுமன்றம் தனிச் சட்டம் இயற்றுவது குறித்துச் சிந்திக்கலாம் என்றும் அத்தீர்ப்பு யோசனை கூறியது. அந்த யோசனை அப்படியே கிடக்கிறது.

குறையைக் களைய நல்லதொரு வாய்ப்பு 2023 டிசம்பரில் வந்தது. 1885-ஆம் ஆண்டின் தந்திச் சட்டத்துக்கு மாற்றாகக் கொண்டுவரப்பட்ட தொலைத்தொடர்பு மசோதா மக்களவையிலும் மாநிலங்களவையிலும் அடுத்தடுத்த நாள்களில் நிறைவேறியது. அப்போது இரு அவைகளிலும் சேர்த்து 140-க்கும் மேற்பட்ட எதிர்க்கட்சி உறுப்பினர்கள் இடைநீக்கம் செய்யப்பட்டிருந்தனர். அழைப்பு அறுபடுவதற்கு இழப்பீடு உண்டா என்று கேட்டு வாதிட்டிருக்கக் கூடியவர்கள் அவைக்கு வெளியே பதாகை ஏந்தி நின்றனர். நாட்டில் ஏறத்தாழ ஒவ்வொரு குடும்பத்தையும் தொடும் சட்டம் இவ்விதம் நிறைவேறியது நாடாளுமன்றத்துக்குப் பெருமை சேர்ப்பதல்ல.

பழி முழுவதையும் அரசு மீதும் நிறுவனங்கள் மீதும் சுமத்துவதும் முறையாகாது. கோபுரம் கூடாது, சிக்னல் மட்டும் வேண்டும் என்னும் மனப்பான்மை தில்லி முதல் மும்பை வரை குடியிருப்போர் சங்கங்களில் வேரூன்றியிருக்கிறது. கோபுரக் கதிர்வீச்சுக்கு சர்வதேச அமைப்பு பரிந்துரைத்த வரம்பில் பத்தில் ஒரு பங்கையே இந்தியா 2012 செப்டம்பர் முதல் அனுமதிக்கிறது. அப்படியும் அச்சம் தணியவில்லை. கோபுரம் தொலைவில் இருந்தால் அதை எட்டுவதற்குக் கைப்பேசியே கூடுதல் ஆற்றலுடன், அதுவும் காதோரத்தில், அலைகளை உமிழ வேண்டியிருக்கிறது என்பதை இச்சங்கங்களுக்கு யாரும் எடுத்துச் சொல்வதில்லை.

கான்கிரீட் சுவரையும் உலோகப் பூச்சுக் கண்ணாடியையும் ஓரளவு ஊடுருவக்கூடியவை தாழ்ந்த அலைவரிசைகளே. அவற்றில் முக்கியமான 700 மெகாஹெர்ட்ஸ் அலைக்கற்றை 2016-இலும் 2021-இலும் விலைபோகவில்லை. அரசு நிர்ணயித்த விலை அதிகம் என்று நிறுவனங்கள் ஒதுங்கின. 2022 ஏலத்தில்தான் ஒரு நிறுவனம் முன்வந்தது. கருவூலத்தை நிரப்பும் ஆசையில், வீட்டுக்குள் நுழையக்கூடிய அலையை ஆறு ஆண்டுகள் பெட்டியில் பூட்டி வைத்தோம்.

பயணத்தில் நேரும் துன்பம் வேறு வகை. தொண்ணூறுக்கும் மேற்பட்ட சுரங்கங்களைக் கடக்கும் கொங்கண் ரயில் பாதையிலும், இமயமலைச் சாலைகளிலும் ஒரு நிறுவனத்தின் சிக்னல் இருக்கும் இடத்தில் மற்றொன்றின் சிக்னல் இருப்பதில்லை. அரசு நிதியில் அமைந்த 4ஜி கோபுரங்களை எல்லா நிறுவன வாடிக்கையாளர்களும் பயன்படுத்தும் ஏற்பாடு 2025 ஜனவரியில் தொடங்கப்பட்டது. பாராட்டத்தக்க முடிவு. ஆனால், நிறுவனங்கள் சொந்தச் செலவில் அமைத்த கோபுரங்களுக்கு அது பொருந்தாது. மலைச் சாலைகளிலும் ரயில் தடங்களிலுமாவது அதைக் கட்டாயமாக்கினால் என்ன? நிலச்சரிவில் சிக்கியவர் எந்த நிறுவனத்தின் சிம் அட்டை வைத்திருக்கிறார் என்று பார்த்து மலை சரிவதில்லை.

அதுவரை வாடிக்கையாளர் கைகட்டி நிற்க வேண்டியதில்லை. வீட்டில் அகண்ட அலைவரிசை இணைப்பு இருந்தால், கைப்பேசி அமைப்பில் வைஃபை வழி அழைப்பு வசதியை இயக்கினாலே பெரும்பாலோரின் சிக்கல் தீர்ந்துவிடும். பூஸ்டருக்குச் செலவிடும் ஆயிரங்கள் மிச்சம். டிராயின் 2024-ஆம் ஆண்டு விதிகளின்படி நிறுவனங்கள் தங்கள் சேவைப் பரப்பைக் காட்டும் வரைபடத்தை இணையதளத்தில் வெளியிட்டாக வேண்டும். எண்ணை மாற்றாமல் நிறுவனத்தை மாற்றுமுன் அதைப் பார்ப்பது நல்லது. நுகர்வோர் மன்றம் தொலைத்தொடர்புப் புகாரை விசாரிக்கலாம் என்று 2022 பிப்ரவரியில் உச்சநீதிமன்றம் உறுதி செய்தது பலருக்குத் தெரியாது.

அந்த வரைபடத்தில் ஒரு குறை உண்டு. தெருவில் சிக்னல் இருக்கிறதா என்பதை அது சொல்லும். நான்கு சுவர்களுக்குள் நிலைமை என்ன என்பதைச் சொல்லாது. கேள்வி நேரத்தில் அமைச்சர்கள் அளிக்கும் விடைகளும் எத்தனை கிராமங்களுக்குக் கோபுரம் சென்றது என்ற கணக்கோடு நின்றுவிடுகின்றன. வீட்டுக்குள்ளான சிக்னலை அளந்து, நகரவாரியாக, நிறுவனவாரியாக அவையில் வைக்குமாறு அடுத்த கூட்டத்தொடரில் உறுப்பினர்கள் கட்சி வேறுபாடின்றி அரசை வலியுறுத்த வேண்டும். அந்தப் புள்ளிவிவரம் கையில் இருந்தால், இழப்பீட்டு விதியை நீதிமன்றம் ஏற்கும் வகையில் திருத்தி எழுதுவது டிராய்க்குக் கடினமாக இராது.