படகு யாருடையது? மன்னார்க் கரையில் கேட்கப்படாத கூட்டுறவுக் கேள்வி

2025 ஓகஸ்டில் மன்னார் மக்கள் காற்றாலைக்கும் கனிய மணல் அகழ்வுக்கும் எதிராக வீதிக்கு வந்தார்கள். அந்தப் போராட்டத்தின் அடியில் இருந்தது உடைமை பற்றிய கேள்வி. தீவின் நிலமும் கடலும் யார் கையில்? அவற்றில் வரும் வருமானம் யாருக்கு? வெளியிலிருந்து வருபவர்களிடம் கேட்ட இதே கேள்வியை ஊருக்குள்ளும் கேட்க வேண்டும் என்று நினைக்கிறேன். கீரி போன்ற ஒரு கடற்கரைக் கிராமத்தில் படகும் வலையும் இயந்திரமும் யாருடையவை? அவற்றில் உழைப்பவர்கள் யார்?

எங்கள் கரைகளில் பங்கு முறை பழையது. பிடிபட்ட மீனை விற்று, எண்ணெய், ஐஸ், சாப்பாட்டுச் செலவைக் கழித்து, மிச்சத்தைப் படகுக்கும் வலைக்கும் ஆட்களுக்கும் பிரிப்பார்கள். பார்வைக்கு இது நியாயமான கூட்டுத் தொழில். ஆனால், மீன் படாத நாளின் நட்டம் தொழிலாளியின் பங்கிலும் விழுகிறது. இருபது வருடம் கடலுக்குப் போனாலும் படகில் ஒரு பலகைகூட அவருக்குச் சொந்தமாவதில்லை. கரைவலையில் சம்மாட்டிக்கும் வலை இழுப்பவருக்கும் உள்ள உறவும் இதுதான். வலையில் இருந்து நண்டு கழற்றும், கருவாடு காயவைக்கும் பெண்களுக்குப் பங்குகூட இல்லை. அவர்களுக்குக் கிடைப்பது கூலி.

"எங்களுக்குத்தான் சங்கம் இருக்கிறதே" என்று கேட்கலாம். கடற்றொழிலாளர் கூட்டுறவுச் சங்கமும் அவற்றின் சமாசமும் கரையெங்கும் உண்டு. வடக்கில் கூட்டுறவுக்கு நீண்ட வரலாறும் இருக்கிறது. மூளாய் கூட்டுறவு வைத்தியசாலை 1930களில் தொடங்கியது. யாழ்ப்பாணத்தின் வீரசிங்கம் மண்டபம் கூட்டுறவு முன்னோடி ஒருவரின் பெயரைத் தாங்கி நிற்கிறது. ஆனால், போருக்குப் பிந்திய வருடங்களில் பல இடங்களில் சங்கம் என்பது நிவாரணப் பட்டியலுக்கும் சிபாரிசுக் கடிதத்துக்கும் போகும் இடமாகச் சுருங்கிவிட்டது.

கூட்டுறவு என்ற ஒரே சொல்லுக்குள் வெவ்வேறு அமைப்புகள் இருக்கின்றன. பலநோக்குக் கூட்டுறவுச் சங்கக் கடையின் உரிமையாளர்கள் அதன் அங்கத்தவர்கள். கடையில் நிறுத்துக் கொடுப்பவர் சம்பளம் வாங்கும் ஊழியர். தொழிலாளர் கூட்டுறவில் வேலை செய்பவரே உரிமையாளர். ஆளுக்கு ஒரு வாக்கு. இலாபம் உழைப்பின் அளவில் பிரிகிறது. முகாமையாளரை நியமிப்பதும் நீக்குவதும் அவர்கள் தெரிவு செய்யும் சபை.

இதன் பெயர்பெற்ற உதாரணம் போரால் சிதைந்த ஒரு மண்ணில் பிறந்தது என்பது எங்களுக்கு முக்கியம். ஸ்பெயின் உள்நாட்டுப் போரில் தோற்ற பாஸ்க் பகுதியின் ஒரு நகருக்கு, போர் முடிந்து இரண்டு வருடங்களில், 1941இல், ஹோசே மரியா அரிஸ்மெண்டியாரியெத்தா என்ற இளம் கத்தோலிக்கக் குரு வந்தார். மொண்ட்ராகன் என்ற சிறு நகரில் அவர் முதலில் தொடங்கியது தொழிற்சாலை அல்ல. 1943இல் ஒரு தொழிற்கல்விப் பாடசாலை. அங்கே படித்த ஐந்து பேர் 1956இல் எண்ணெய் அடுப்புச் செய்யும் முதல் கூட்டுறவைத் தொடங்கினார்கள். 1959இல் சொந்த வங்கி வந்தது. இன்று அந்தக் கூட்டில் சுமார் 70,000 பேர் வேலை செய்கிறார்கள். படிப்பு, சேமிப்பு, உடைமை மூன்றையும் ஒன்றாகக் கட்டியதே அவர்கள் நிலைத்ததன் காரணம். அதிலும் விழுக்காடு உண்டு. அதன் வீட்டுப் பாவனைப் பொருள் நிறுவனமான ஃபாகோர் 2013இல் முறிந்தது. வேலையிழந்த பலருக்கு மற்றக் கூட்டுறவுகள் இடம் கொடுத்தன.

இந்தியாவில் 1950களில் கோப்பிச் சபை தனது கோப்பிக் கடைகளை மூடியபோது, வேலை இழந்த தொழிலாளர்கள் ஏ.கே.கோபாலனின் துணையுடன் சங்கம் அமைத்து அவற்றைத் தாங்களே நடத்தத் தொடங்கினார்கள். இன்றும் இயங்கும் இந்தியன் கோப்பி ஹவுஸ் அப்படி வந்தது.

எங்கள் தொழிலுக்கு நெருக்கமான பாடம் கேரளத்தில் இருக்கிறது. திருவனந்தபுரத்துக்கு அருகே மரியநாட்டு மீனவர்கள் தங்கள் மீனைத் தாங்களே ஏலம் கூறத் தொடங்கினார்கள். அந்த வழியில் உருவான ஊர்ச் சங்கங்கள் 1980இல் தென்னிந்திய மீனவர் சங்கங்களின் கூட்டமைப்பாக இணைந்தன. விற்பனை சங்கத்தின் ஊடாக நடக்கும். விற்ற பணத்தில் ஒரு பகுதி கடனுக்கும் ஒரு பகுதி சேமிப்புக்கும் அங்கேயே கழியும். முற்பணம் கொடுத்து மீனின் விலையைத் தீர்மானிக்கும் வியாபாரியின் பிடி இப்படித்தான் தளர்ந்தது. ஆனால், அங்கும் அங்கத்தவர்கள் பெரும்பாலும் கடலுக்குப் போகும் படகுச் சொந்தக்காரர்களே.

ஆகவே மன்னாரில் முதலில் கேட்க வேண்டியது, அங்கத்தவர் யார் என்பதுதான். படகு இல்லாத கடல் தொழிலாளிக்கு வாக்கு உண்டா? நண்டு கழற்றும் பெண்ணுக்கு உண்டா? 1990 ஒக்டோபரில் இந்தத் தீவிலிருந்தும் வெளியேற்றப்பட்டு, பின்னர் திரும்பிவந்த முஸ்லிம் தொழிலாளிக்கு உண்டா? உழைப்பின்படி அல்லாமல் மதத்தின்படியோ ஊர்ச் செல்வாக்கின்படியோ கதவு திறக்குமானால், அதற்குக் கூட்டுறவு என்று பெயர் வைத்துப் பயனில்லை.

அடுத்தது முதல். போருக்குப் பின் உதவித் திட்டங்கள் படகும் வலையும் கொண்டுவந்தன. ஒரு பொருளைக் கொடுப்பது சுலபம். அதைக் கூட்டாகப் பராமரிக்கும் கணக்கும் பழக்கமும் திட்டக் காலத்துக்குள் வளர்வதில்லை. சங்கம் இயங்காத இடத்தை நுண்கடன் கம்பனிகள் நிரப்பின. அந்தக் கடனின் சுமை பெண்கள் மேல் விழுந்தது.

அரசியலும் தடையாக இருக்கிறது. கூட்டுறவு மாகாணத்துக்குரிய விடயம். ஆனால், வட மாகாண சபையின் காலம் 2018 ஒக்டோபரில் முடிந்தபின் தேர்தல் நடக்கவில்லை. அதிகாரிகள் இருக்கிறார்கள், மக்கள் கேள்வி கேட்கக்கூடிய சபை இல்லை.

இதற்காக மாகாண சபை வரும்வரை காத்திருக்கத் தேவையில்லை. தொடக்கம் பெரிய படகாக இருக்க வேண்டியதும் இல்லை. நண்டு, கருவாட்டு வேலை செய்யும் பெண்கள் சிறு சேமிப்போடு ஒன்றுசேர்ந்து, நிறுப்பதையும் விலை பேசுவதையும் தாங்களே செய்யலாம். ஏற்கனவே உள்ள சங்கங்களில் அடுத்த ஆண்டுப் பொதுக்கூட்டத்திலேயே மூன்று விடயங்களைக் கேட்கலாம்: அங்கத்தவர் இடாப்பில் யாருடைய பெயர் இல்லை, சங்கத்தின் சொத்து எது, போன வருட மிச்சம் எங்கே போனது. அந்தப் பதில்களை எல்லோரும் பார்க்கும்படி எழுதி ஒட்டச் சொல்ல வேண்டும்.