ஔவையின் கையிலிருக்கும் கோல்

எங்கள் கல்லூரித் தமிழ் மன்றத்து மாணவிகள் ஔவையாரின் அகப்பாடல்களைத் தொகுத்து, எளிய உரையோடு ஒரு சிறுநூல் கொண்டுவந்தார்கள். அச்சகத்திலிருந்து அட்டைப்படம் வந்தது. நரைத்த தலை, நெற்றி நிறையத் திருநீறு, கூன் விழுந்த முதுகு, கையில் கோல், பக்கத்தில் பிள்ளையார். நூலைத் திறந்தால் முதலில் வருவது குறுந்தொகையின் 28ஆம் பாட்டு. தன் தவிப்பை அறியாமல் நிம்மதியாகத் தூங்கும் ஊரின்மீது போய் மோதலாமா, கத்தி எழுப்பலாமா என்று துடிக்கும் ஒருத்தியின் குரல் அது. அட்டைக்கும் நூலுக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை.

"ஔவையார்னா இந்தப் படம்தானேம்மா?" என்றார் வடிவமைத்தவர். அவரைக் குறை சொல்ல முடியாது. தமிழ்நாட்டில் யாரைக் கேட்டாலும் இதையேதான் சொல்வார்கள். ஆனால் இது தருமபுரி. அதியமான் நெடுமான் அஞ்சியின் தகடூர். அவனோடு பழகி, அவனுக்காகத் தூது போய், அவன் இறந்தபின் அழுது பாடிய ஔவையின் ஊர். இங்கேயே அவள் முகம் நமக்குத் தெரியவில்லை என்றால் வேறு எங்கே தெரியும்?

ஔவை என்ற பெயரில் ஒருவருக்கு மேற்பட்டவர்கள் இருந்தார்கள் என்பதைத் தமிழ் படித்தவர்கள் அறிவார்கள். ஆத்திசூடி பாடிய ஔவை, சங்க ஔவைக்குப் பல நூற்றாண்டுகள் பிந்தியவர். இருவரையும் ஓருடலில் அடைத்தது கதை மரபு. கல்யாணப் பேச்சு வந்தபோது, தன் இளமையை எடுத்துக்கொள்ளும்படி பிள்ளையாரிடம் வேண்டிக் கிழவியான பெண்ணின் கதை அது. 1953இல் ஜெமினியின் 'ஔவையார்' படம் அந்தக் கதைக்கு கே. பி. சுந்தராம்பாளின் முகத்தையும் குரலையும் கொடுத்தது. 1968 உலகத் தமிழ் மாநாட்டையொட்டி மெரினாவில் நின்ற சிலையும் கோலூன்றிய மூதாட்டிதான். பாடநூல், நாட்காட்டி, அட்டைப்படம் எல்லாம் அதன் நகல்களே.

பாட்டு என்ன சொல்கிறது? சங்க நூல்களில் ஔவையின் பெயரில் 59 பாடல்கள் உள்ளன. புறநானூற்றில் 33, குறுந்தொகையில் 15, நற்றிணையில் 7, அகநானூற்றில் 4. புறநானூறு 89இல், உங்கள் நாட்டில் போர் செய்பவர்கள் இருக்கிறார்களா என்று பகைவேந்தன் ஒருவன் கேட்கிறான். அவன் யாரிடம் கேட்கிறான்? மையிட்ட கண்களும் ஒளிவிடும் நெற்றியும் நகைகள் அணிந்த இடையும் கொண்ட ஒரு விறலியிடம். 206இல் பரிசில் தாமதமானதும், இந்த வாசல் இல்லாவிட்டால் உலகமா சுருங்கிவிட்டது என்று இசைக்கருவிகளை மூட்டை கட்டித் தூக்கிக்கொண்டு கிளம்புகிறாள். 95இல் தொண்டைமானின் ஆயுதச்சாலையில் நின்று, பளபளக்கும் அவன் வேல்களைப் புகழ்வதுபோல் அவனைக் கேலி செய்கிறாள். 235இல், கள் கொஞ்சமாக இருந்தால் எங்களுக்கே கொடுத்துவிடுவானே, நிறைய இருந்தால் நாங்கள் பாட அவனும் சேர்ந்து குடிப்பானே, நறுமணம் வீசும் கையால் என் தலையைத் தடவுவானே என்று அழுகிறாள். உ.வே.சா.வின் புறநானூற்றுப் பதிப்பு வந்தது 1894இல். சினிமா வருவதற்கு வெகு முன்பே இவையெல்லாம் அச்சில் இருந்தன.

பிறகு ஏன் கிழவி? கள் குடித்த, அரசனோடு நட்புக் கொண்ட, காமத்தைப் பாடிய, தனியே ஊர் ஊராகப் போன பெண்ணை இந்தச் சமூகத்தால் கும்பிட முடியவில்லை. அவளைக் கும்பிட வேண்டுமென்றால் முதலில் அவள் உடலைப் பறிக்க வேண்டும். கதை அதைத்தான் செய்தது. அதிலும் கொடுமை, அதை அவளே வேண்டிக் கேட்டதாகச் சொன்னது.

முதுமையை இழிவாகப் பார்க்கிறீர்களா என்று சிலர் கேட்கலாம். இல்லை. கிழவிகளும் காதலிப்பார்கள், குடிப்பார்கள், பாடுவார்கள். அப்படி ஒரு கிழவியை வரைந்து தந்தால் மறுபேச்சின்றி வாங்கிக்கொள்வேன். நம் அட்டைகளில் இருப்பவள் ஆசை வடிந்த கிழவி. அறிவுரை சொல்ல மட்டுமே வாய் திறப்பவள். அதேபோல் அவளை எடுத்துவிட்டு, கொடியிடையும் சிவந்த மேனியுமாக ஒரு நாட்காட்டி அழகியை நிறுத்துவதும் திருட்டுதான். விறலி வெயிலில் நடந்தவள்.

இது வெறும் ஓவியச் சண்டை அல்ல. பதினெட்டு வயதுக்கு முன்பே பெண்ணைக் கட்டிக்கொடுக்கும் வழக்கம் இந்த மாவட்டத்தில் இன்னும் ஓயவில்லை. என் வகுப்பில் இரண்டாம் ஆண்டில் இருப்பவள் மூன்றாம் ஆண்டுக்கு வருவாளா என்பது பல வீடுகளில் வரன் அமைவதைப் பொறுத்தது. அவளிடம் இந்த அட்டை என்ன சொல்கிறது? கல்யாணத்தைத் தள்ளிப்போட, படிக்க, ஊர் சுற்ற, பாட்டெழுத உனக்கு ஒரே வழிதான், இளமையைத் தொலைத்துவிடு என்கிறது. நூலின் உள்ளே இருப்பவள் எதையும் தொலைக்காமலே அத்தனையும் செய்தவள்.

கவிஞர் இன்குலாபின் 'ஔவை' நாடகம், அ. மங்கையின் இயக்கத்தில், இந்தக் கிழவியை மேடையிலிருந்து இறக்கி, இளைய விறலியை ஏற்றியது. நாடகம் செய்ததைப் பதிப்பகங்களும் பாடநூல்களும் ஏன் இன்னும் செய்யவில்லை?

மாணவிகள் அட்டையைத் திருப்பி அனுப்பினார்கள். அவர்களில் ஒருத்தி புதிதாக வரைந்தாள். கறுத்த பெண், தோளில் ஒரு காத்தண்டு, அதன் இருபுறமும் தொங்கும் முழவுகள், புழுதிக்கால், பின்னால் தகடூரின் குன்றுகள். வயது இருபத்தைந்தாகவும் இருக்கலாம், நாற்பத்தைந்தாகவும் இருக்கலாம். "இது ஔவையார்னு யாருக்குத் தெரியும்?" என்றார் மூத்த ஆசிரியர் ஒருவர். "பேரை எழுதியிருக்கோமே ஐயா" என்றாள் வரைந்தவள்.

அந்தப் படத்தோடுதான் நூல் வந்தது. அடுத்து, ஔவை பாட்டை அச்சிடும் ஒவ்வொரு பதிப்பாளரையும் கேட்போம்: அட்டை போடுவதற்கு முன் உள்ளே இருப்பதைப் படித்தீர்களா?