துணை விமானியின் அதிகாரம்

2010 மே 22-இல் துபாயிலிருந்து மங்களூர் வந்த விமானம் ஓடுபாதையைத் தாண்டிப் பள்ளத்தில் வீழ்ந்தது. 158 பேர் மாண்டனர். இறங்காது மீண்டும் மேலெழுமாறு துணை விமானி மும்முறை கூறியும் தலைமை விமானி செவிசாய்க்கவில்லை. துணை விமானி தாமே கட்டுப்பாட்டை ஏற்காமைக்கு, அவரது அதிகாரம் பற்றிய விதிகளின் தெளிவின்மை காரணமாயிருக்கலாம் என விசாரணை மன்றம் கருதியது.

தலைமை விமானியோ பதினாயிரம் மணி நேரத்திற்கு மேல் பறந்தவர். ஆகவே பறக்கும் மணிகளைப் பெருக்குவதொன்றே பயிற்சியாகாது. சிமுலேட்டர் என்னும் பாவனை விமான அறையில், இளையவர் மறுத்துரைக்கவும் வேண்டுமிடத்துத் தாமே விமானத்தை மேலெழுப்பவும் பழக வேண்டும். மூத்தவர் அதனை அவமதிப்பாகக் கொள்ளாதிருக்கப் பழகுவது அதனினும் கடினம். பெரியோர் முன் மௌனத்தையே மரியாதையெனக் கற்பிக்கும் நம் பள்ளிகள் இதற்குத் துணைபுரிவதில்லை. மறுமுறை சுற்றிவந்து இறங்கியவரிடம் எரிபொருள் செலவுக்குக் கணக்குக் கேட்கும் நிறுவனத்தில் இப்பயிற்சி நிலைக்காது.