மைனஸ் 40 பூட்ஸ்: பிராண்டைப் பாக்காதீங்க, நாட்களை எண்ணுங்க



கத்திரி வெயில்ல 43, 44 டிகிரி தொடுற திருத்தணி பக்கத்துல இருந்துகிட்டு பனி பூட்ஸ் பத்தி எதுக்கு பேசணும்னு கேப்பீங்க. காரணம் இருக்கு. ஆர்.கே.பேட்டையில தறிச் சத்தம் கேட்டு வளர்ந்து, இன்னைக்கு ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர்னு வேலைக்குப் போற தம்பி தங்கச்சிங்க ப்ளான்ல ரெண்டு விஷயம் சகஜமாயிடுச்சு. ஒண்ணு லடாக் ட்ரிப், இன்னொண்ணு கனடா. ரெண்டுக்குமே ஷாப்பிங் லிஸ்ட்ல கண்ணை உறுத்துற செலவு, "மைனஸ் 40" ஸ்டிக்கர் ஒட்டின பூட்ஸ்.

என்னோட கருத்து இதுதான்: அந்த பூட்ஸை வாங்குறதா, வாடகைக்கு எடுக்குறதான்னு முடிவு பண்ண வேண்டியது பிராண்ட் இல்ல, நீங்க பனியில நிக்கப் போற நாட்களோட எண்ணிக்கை. ஆனா எங்க இருந்து எடுத்தாலும் அளவுல மட்டும் சமரசம் கூடாது. ஏன்னா இங்க பணம் மட்டும் இல்ல, கால் விரலும் பணயம். ஃப்ராஸ்ட்பைட்னா விரைச்சுப் போறது மட்டும் இல்ல, சதையே உறைஞ்சு போறது. முத்திப் போனா விரலையே எடுக்க வேண்டி வரும்.

முதல்ல கணக்கு

உதாரணத்துக்கு பூட்ஸ் விலை ₹15,000னு வெச்சுக்குவோம். 8 நாள் ட்ரிப்புக்கு வாங்கினா ஒரு நாளைக்கு ₹1,875. அப்புறம் அது பரண்ல கிடக்கும், நம்ம ஊர் சூட்டுக்கு சோல் பசை விட்டுடும். அதே பூட்ஸை கனடாவுல வருஷத்துக்கு 4 மாசம்னு 3 குளிர்காலம் போட்டா ஒரு நாளைக்கு சுமார் ₹42தான். பொருள் ஒண்ணு, விலையும் ஒண்ணு. ஒருத்தருக்கு வீண் செலவு, இன்னொருத்தருக்கு நல்ல முதலீடு.

இதுல இ.எம்.ஐ. வேற! "ஜீரோ வட்டி"ன்னு பாத்ததும் விழுந்துடாதீங்க. சில்லறைப் பொருள் கடன்ல ஜீரோ சதவீத வட்டின்னு ஒண்ணு கிடையவே கிடையாதுன்னு ரிசர்வ் வங்கி 2013லயே சொல்லிடுச்சு. ப்ராசஸிங் கட்டணமாவோ, விட்டுக்கொடுத்த தள்ளுபடியாவோ அது உங்ககிட்ட இருந்து போயிடும். ஜி.எஸ்.டி.யும் பாருங்க. 2025 செப்டம்பர் 22ல இருந்து ஒரு ஜோடி ₹2,500 வரைக்கும் 5%, அதுக்கு மேல 18%.

எந்த மாசம், எந்த ஊர்?

ஜூலையில லே போறவங்களுக்கு பகல்ல 20 டிகிரிக்கு மேலயே இருக்கும். நல்ல ட்ரெக்கிங் ஷூவும் கம்பளி சாக்ஸும் போதும். ஜனவரி கதையே வேற. லே-யில ராத்திரி மைனஸ் 15 வரைக்கும் இறங்கும், உறைஞ்ச ஆத்து மேல நடக்குற சாதர் ட்ரெக்ல அதுக்கும் கீழ போகும். அதுக்கு லே மார்க்கெட்லயே பூட்ஸ் வாடகைக்குக் கிடைக்கும். இந்த மாதிரி குறுகிய ட்ரிப்புக்கு என் ஓட்டு வாடகைக்குத்தான்.

கனடா போறவங்க அங்க போய் வாங்குங்க. அந்த ஊர் குளிருக்குன்னே செஞ்ச சரக்கு அங்க கிடைக்கும், அளவு சரியில்லன்னா மாத்தலாம், பெட்டியில எடையும் மிச்சம். டிசம்பர், ஜனவரியில போய் இறங்குறவங்க மட்டும் முதல் சில நாளுக்கு ஒரு சாதாரண ஸ்னோ ஷூ கையில வெச்சுக்கோங்க.

கடையில எதைப் பாக்கணும்?

மைனஸ் 40ங்கற நம்பரை அப்படியே நம்பாதீங்க. எல்லா கம்பெனியும் ஒரே முறையில சோதிக்கிறதில்ல. நடந்துகிட்டே இருக்குற காலுக்கும் பஸ்ஸுக்காக அசையாம நிக்கிற காலுக்கும் ஒரே நம்பர் பொருந்தாது. அதை விட இதைப் பாருங்க:

- இடம்: போடப் போற அதே தடிமன் சாக்ஸோட போட்டுப் பாருங்க. விரலை தாராளமா அசைக்க முடியணும். சூடு தர்றது உள்ள நிக்கிற காத்துதான். டைட்டான பூட்ஸ்ல ரெண்டு சாக்ஸ் திணிச்சா காத்தும் போச்சு, ரத்த ஓட்டமும் போச்சு.
- அடிப்பாகம்: பனித்தரை காலோட சூட்டை கீழ இருந்து உறிஞ்சும். தடிமனான சோல் அவசியம்.
- உள் உறை: தனியா கழட்டுற மாதிரி இருந்தா ராத்திரி காய வைக்கலாம். வியர்வை ஈரம்தான் முதல் எதிரி. அதனாலதான் பருத்தி சாக்ஸ் வேண்டாம், கம்பளி எடுங்கன்னு சொல்றது.

"கம்பெனியில குடுத்த சேஃப்டி ஷூ இருக்கே"ன்னு சிலர் நினைப்பீங்க. அதுல விரல் பக்கம் இரும்புத் தகடு இருந்தா அது குளிரைத்தான் கடத்தும். சேஃப்டி ஷூவுலயும் குளிர் தாங்குற வகை இருக்கு, அதுல சி.ஐ.ங்கற குறியீடு இருக்கும். மைனஸ் 17 டிகிரியில 30 நிமிஷம் வெச்சும் உள்ள வெப்பம் 10 டிகிரிக்கு மேல குறையக் கூடாதுங்கறது அந்த சோதனை. அந்தக் குறியீடு இல்லாததை நம்பி பனிக்குப் போகாதீங்க.

அதே மாதிரி, சோளிங்கர் தாண்டினா ராணிப்பேட்டை, அந்தப் பக்கம் ஆம்பூர். ஏற்றுமதி ஷூ செய்யற ஊருங்க. அங்க நல்ல தோல் பூட்ஸ் மலிவா கிடைச்சா சந்தோஷம்தான். ஆனா தோல் மட்டும் சூடு தராது. உள்ள கம்பளியோ வேற இன்சுலேஷனோ இல்லன்னா அது ஸ்டைலுக்கான பூட்ஸ்.

வாடகைக்கும் ஒரு எச்சரிக்கை

சியாச்சின்ல நம்ம ராணுவ வீரர்களுக்கு புது பூட்ஸ் வாங்காததால, பழைய பூட்ஸையே சரிபண்ணி போட வேண்டியிருந்துச்சுன்னு 2020ல நாடாளுமன்றத்துல வெச்ச சி.ஏ.ஜி. அறிக்கை குறை சொல்லிச்சு. மாசக்கணக்கா பனியில நிக்கிறவங்களுக்கு அது ஏத்துக்க முடியாத விஷயம். 8 நாளைக்கு வாடகை பூட்ஸ் தப்பில்ல. ஆனா சோல்ல வெடிப்பு, தையல்ல பிரிவு, உள்ள ஈரம், இந்த மூணையும் கையை விட்டுப் பாத்துட்டு எடுங்க. ஒண்ணு இருந்தாலும் அடுத்த கடைக்குப் போங்க.

மிச்சமாகுற பத்து, பன்னெண்டாயிரத்தை எமர்ஜென்சி ஃபண்ட்ல போடுங்க. நல்ல கம்பளி சாக்ஸ் மட்டும் மூணு ஜோடி சொந்தமா வாங்கிடுங்க. அதுல கஞ்சத்தனம் வேண்டாம்.